முப்பத்தாறு அடியில் உலகம்: இரண்டு பழைய ஃபைபர் படகுகள்

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு பாய்மரப் படகைப் பற்றி எழுதுவது கொஞ்சம் விநோதம்தான். எங்களுக்குப் பக்கத்துக் கடல் சென்னையில், சுமார் 180 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடுகிற பாலாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் ஓடும். வெள்ளம் வந்தால் ஒழிய ‘படகு’ என்ற சொல்லே எங்க ஊர்ல யார் வாயிலும் வராது.

ஆனாலும் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது ஆம்பூரில்தான். போன வருஷம் ஒரு நாள், வீட்டுக்கு எதிர் ஷெட்டில் ஒரு டேனரியின் பழைய ஃபைபர் டேங்க்கைப் படுக்கப்போட்டு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வெடித்த இடத்தை கிரைண்டர் வைத்துத் தேய்த்து, கண்ணாடி இழை மேட்டை வெட்டி வைத்து, ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பூசுவார்கள். அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வரும்.

“ஏண்ணா, இது எத்தன வருஷத்து டேங்க்கு?” என்று கேட்டேன்.

“நான் இந்த வேலைக்கு வந்தப்பவே பழசு. முப்பது வருஷம் இருக்கும்.”

“அப்போ தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமே?”

“இப்ப வர்றதெல்லாம் லேசுப்பா. இதுல கனத்தப் பாரு. அந்தக் காலத்துல கணக்கு தெரியாம அள்ளி அள்ளி வெச்சிருக்கானுங்க. அதான் இன்னும் நிக்குது.”

எனக்குச் சட்டென்று 2023 ஏப்ரல் ஞாபகம் வந்தது. அந்த மாதம் முழுக்க இரவில் தூங்காமல், அட்லாண்டிக் கடலில் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்த இரண்டு பழைய ஃபைபர் படகுகளை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மின்னேஹாஹா, இன்னொன்று பயானத். ஒன்றில் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். மற்றதில் நம்ம கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற கமாண்டர் அபிலாஷ் டோமி. இரண்டுமே 1988க்கு முன்னால் வரைந்த வடிவங்கள். ‘இவ்வளவு பழைய படகுகளில் ஏன் பந்தயம் வைக்கிறார்கள், இந்த இரண்டில் எது உசத்தி?’ என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். டேங்க் அண்ணன் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டார். மீதியைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கணக்கு தெரியாத காலம்

கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்துப் படகு செய்வது 1940களில் அமெரிக்காவில் சோதனையாக ஆரம்பித்தது. பெரிய பாய்மரப் படகு என்று பார்த்தால் 1956இல் வந்த ‘பவுண்டி 2’ முன்னோடி. பிலிப் ரோட்ஸ் வரைந்தது, சுமார் 40 அடி. 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் கம்பெனி வைத்த 28 அடி ‘டிரைட்டன்’ வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பம் ஒன்று கடன் வாங்கியாவது பாய்மரப் படகு வாங்கலாம் என்ற நிலை வந்தது.

செய்முறையை எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஷூ ஃபேக்டரியில் லாஸ்ட் இருக்கிறது இல்லையா, கால் வடிவக் கட்டை? அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்து வடிவம் கொண்டுவருவோம். படகில் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய தொட்டி மாதிரி ஒரு அச்சு. அதன் உள்பக்கத்தில் முதலில் பளபளப்பான மேற்பூச்சு, அதன்மேல் இழையும் ரெசினும் மாறி மாறி. இறுகியதும் அச்சில் இருந்து பிரித்துத் தூக்கினால் படகு உடம்பு ரெடி. ஒரு லாஸ்ட்டில் எத்தனையோ ஷூ வருகிற மாதிரி ஒரு அச்சில் நூறு படகு.

மரத்தில் அனுபவம் இருந்தது. இந்தப் புதுப் பொருள் எவ்வளவு தாங்கும், இருபது வருஷம் கழித்து என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் பயந்துபோய்த் தடிமனாகச் செய்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ரெசின் விலை ஏறியது. அதற்குள் பொறியாளர்களுக்குக் கணக்கும் கைவந்துவிட்டது. உடம்பு மெலிய ஆரம்பித்தது. இந்த மெலிவை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. சரியாகக் கணக்குப் போட்டுச் செய்த மெல்லிய படகு வேகமாகவும் போகும், உறுதியாகவும் இருக்கும். ஆனால் கணக்கு எந்த நோக்கத்துக்காகப் போடப்பட்டது என்பதில்தான் சிக்கல்.

1979, ஃபாஸ்ட்நெட்

1970களில் கடல் பந்தயங்களுக்கு ஓர் அளவீட்டு விதி இருந்தது. படகை அங்கங்கே அளந்து, அதற்கு ஏற்ப நேரச் சலுகை கொடுப்பார்கள். வடிவமைப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? விதி எங்கே அளக்கிறதோ அங்கே மட்டும் புடைப்பு, மற்ற இடத்தில் இளைப்பு. அகலமான நடு உடம்பு, ஆழம் குறைந்த வயிறு, குறைந்த எடை. கோப்பை வாங்க அது போதும்.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்தில் இருந்து அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறை வரை போய்த் திரும்பும் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. ஆகஸ்ட் 13 இரவு கடும் புயல். பந்தய வீரர்கள் 15 பேர் இறந்தார்கள். பந்தயத்தை முடித்த படகுகள் 90கூட இல்லை. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் 50க்கும் மேற்பட்டவை கிளம்பி, முடித்தது ஒன்றே ஒன்று. ‘அசென்ட்’ என்ற காண்டெஸா 32.

பிறகு நடந்த விசாரணையில் இரண்டு ஃபைபர் படகுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். ஒன்று காண்டெஸா 32. இன்னொன்று அந்த இரவில் உயிர்கள் போன ‘கிரிமால்கின்’ என்ற பந்தயப் படகு. கேள்வி எளிமையானது: எத்தனை டிகிரி சாய்ந்தால் படகு திரும்பி நிமிர மறுக்கும்? கிரிமால்கினுக்கு சுமார் 117 டிகிரி. காண்டெஸாவுக்கு சுமார் 155. அதாவது காண்டெஸா கிட்டத்தட்டத் தலைகீழாகப் போகிறவரைக்கும் நிமிரத்தான் பார்க்கும். தலைகீழானாலும் அடுத்த அலை ஒரு இடி இடித்தால் திரும்பிக்கொள்ளும். கிரிமால்கின் மாதிரி அகலமான படகு தலைகீழாகவே சுகமாக மிதக்கும்.

பயணத்துக்கான படகு, பந்தயத்துக்கான படகு என்று இரண்டு சாதி பிரிந்துபோனதை உலகம் கண்ணால் பார்த்த இரவு அது. பழைய படகுகளைப் பற்றி எங்கே விவாதம் வந்தாலும் இந்த 1979 தலைகாட்டாமல் இருக்காது.

பம்பாயில் கட்டிய படகும் ஒரு விநோதப் பந்தயமும்

இப்போது பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும். 1968இல் லண்டன் சண்டே டைம்ஸ் ‘கோல்டன் குளோப்’ என்ற போட்டியை அறிவித்தது. தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்ற வேண்டும். ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் ஒருவர்தான், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய படகு ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது, 32 அடி. 1968 ஜூன் 14 கிளம்பி 1969 ஏப்ரல் 22 திரும்பினார். நம் ஊர்த் தச்சர்கள் கையில் உருவான படகுதான் முதன்முதலில் அப்படி உலகைச் சுற்றி வந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அதன் 50ஆம் ஆண்டு நினைவாக 2018இல் அதே பந்தயத்தை அதே காலத்துக் கருவிகளோடு மறுபடி வைத்தார்கள். ஜிபிஎஸ் கிடையாது. செக்ஸ்டன்ட் வைத்துச் சூரியனைப் பார்த்து, காகித வரைபடத்தில் இடம் குறிக்க வேண்டும். படகுக்கும் விதி: 32 முதல் 36 அடி, 1988க்கு முன் வரைந்த வடிவம், ஒரே அச்சில் குறைந்தது 20 படகுகள் வந்திருக்க வேண்டும், நீண்ட அடிக்கட்டை, அதன் பின்விளிம்பிலேயே மாட்டிய சுக்கான். இந்த அடிக்கட்டைக்கு நம் கடற்கரையில் ஏரா என்று பெயர். அந்த விதிக்குள் வருவது பெரும்பாலும் பழைய தடித்த ஃபைபர் படகுகள்தான்.

1968 படகுகளின் நகலுக்கும் தனியாக அனுமதி இருந்தது. அபிலாஷ் டோமி கிளம்பியது அப்படி ஒன்றில். சுஹைலியின் நகலாக கோவாவில் மரத்தில் கட்டிய ‘துரியா’. 2018 செப்டம்பர் 21, தென் இந்தியப் பெருங்கடல். புயலில் படகு உருண்டு பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் பலத்த காயம், எழுந்து நிற்க முடியாது. மூன்று நாள் கழித்து பிரெஞ்சு ரோந்துக் கப்பல் ‘ஒசிரிஸ்’ அவரை எடுத்தது. பிறகு முதுகில் டைட்டானியம் வைத்து அறுவைச் சிகிச்சை.

மரப் படகு என்பதால்தான் இப்படி ஆனது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அதே புயலில் அயர்லாந்தின் கிரெகர் மக்கக்கினுடைய பிஸ்கே 36 என்ற ஃபைபர் படகும் பாய்மரங்களை இழந்தது. அந்த நிலையிலும் அவர் அபிலாஷை நோக்கித்தான் படகைத் திருப்பினார். கடைசியில் இருவரையும் ஒசிரிஸ்தான் காப்பாற்றியது.

அந்தப் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் ஒரே மாதிரிப் படகுக்குப் போனது: ரஸ்லர் 36. ஜெயித்த ஜான்-லுக் வான் டென் ஹீடுக்கு அப்போது 73 வயது. அடுத்த பந்தயம் 2022இல். அதற்குள் நடக்கப் பழகி, கடலுக்கும் திரும்பிய அபிலாஷ் இந்த முறை எடுத்ததும் ஒரு ரஸ்லர் 36தான். அதுதான் பயானத். கிர்ஸ்டன் மட்டும் கூட்டத்தோடு போகவில்லை. அவர் தேடிப்பிடித்தது கேப் ஜார்ஜ் 36. அதைக் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிரித்துப் பழுதுபார்த்து, தென்னாப்பிரிக்கா வரை ஓட்டி, அங்கிருந்து பிரான்ஸ் போய்த்தான் பந்தயத்தில் நின்றார்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

ரஸ்லர் 36 இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் கட்டுவது. ஹோல்மன் அண்ட் பை வரைந்தது. ஒரு குடும்பம் வசதியாகவும் பயமில்லாமலும் போய் வருவதற்கான பயணப் படகு. கேப் ஜார்ஜ் 36 அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், போர்ட் டவுன்சென்ட் ஊரில் கட்டுவது. வில்லியம் அட்கின் வரைந்த பழைய மரப் படகு ஒன்றின் வழியில் வந்த உடம்பு. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால் உடம்பு மட்டும் ஃபைபர், மேல்தளம் மரம். வெறும் உடம்பை வாங்கிக்கொண்டு போய் மீதியை வீட்டுக் கொல்லையில் தாங்களே கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இரண்டும் பெயரளவில் 36. ஆனால் தண்ணீருக்குள் கதை வேறு. படகு மிதக்கும்போது தண்ணீரைத் தொடும் நீளத்தை நீர்க்கோட்டு நீளம் என்போம். ரஸ்லருக்கு அது சுமார் 26.9 அடி. அணியமும் பின்புறமும் தண்ணீருக்கு மேலே சாய்ந்து நீண்டிருக்கும். கேப் ஜார்ஜுக்கு சுமார் 31.5 அடி, ஏனென்றால் அதன் இரண்டு முனையும் கிட்டத்தட்டச் செங்குத்து. எடை ரஸ்லருக்கு சுமார் 7.6 டன், கேப் ஜார்ஜுக்கு சுமார் 10.6 டன். இரண்டிலும் எடையில் கிட்டத்தட்ட 45 சதவீதம் அடியில், ஏராவில் இருக்கிறது. நிமிர்ந்து நிற்பதற்கான முதலீடு அதுதான்.

இந்த நீர்க்கோடு ஏன் முக்கியம்? கனமான படகு தான் எழுப்பும் அலையிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த அலையை ஏறித் தாண்ட அதற்குத் தெம்பு இருக்காது. நீர்க்கோட்டு நீளத்தின் (அடியில்) வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவதுதான் ஏறக்குறைய அதன் உச்ச வேகம், நாட் கணக்கில். போட்டுப் பார்த்தால் ரஸ்லருக்கு 6.95, கேப் ஜார்ஜுக்கு 7.5. வித்தியாசம் அரை நாட்டுக்குக் கொஞ்சம் மேல். ‘பூ, இவ்வளவுதானா’ என்று தோன்றும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், அப்போது 13 கடல் மைல். எட்டு மாதத்துக்குப் போட்டால் மூவாயிரத்தைத் தாண்டும்!

இன்னொரு கணக்கும் போட்டேன். எடையை நீர்க்கோட்டு நீளத்தின் கனத்தால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். படகு தன் நீளத்துக்கு எவ்வளவு பாரம் என்று அது சொல்லும். ரஸ்லருக்கு சுமார் 385 வருகிறது, கேப் ஜார்ஜுக்கு சுமார் 335. ஆக மூன்று டன் கூடுதல் எடையுள்ள படகுதான் தன் நீளத்துக்கு ஒல்லி. தராசில் ஒன்று, தண்ணீரில் இன்னொன்று.

காகிதத்தில் தீர்ப்பு ஆகிவிட்டது, இல்லையா? பந்தயத்துக்குக் கேப் ஜார்ஜ். அதன் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையையும் சேர்த்தால் பாய் விரிக்க இடமும் அதிகம். அப்படியானால் கிர்ஸ்டன் வாரக்கணக்கில் முந்தியிருக்க வேண்டும்.

கடலில் நடந்தது

2022 செப்டம்பர் 4, பிரான்ஸின் லே சாப்லெ தொலோனில் இருந்து 16 பேர் கிளம்பினார்கள். எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூன்று பேர்தான். கிர்ஸ்டன் 2023 ஏப்ரல் 27 இரவு வந்து சேர்ந்தார். தனியாக உலகைச் சுற்றும் இப்படி ஒரு பந்தயத்தில் ஜெயித்த முதல் பெண் அவர். அபிலாஷ் ஏப்ரல் 29 காலை. சுமார் 30,000 கடல் மைல் ஓடி, இருவருக்கும் நடுவில் இரண்டு நாள்கூட இல்லை!

மூவாயிரம் மைல் வித்தியாசம் எங்கே போனது? முதல் காரணம் எளிய கணக்கு. 30,000 மைலை சுமார் 235 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 127 மைல் சொச்சம், மணிக்கு 5.3 நாட். இரண்டு படகுமே தன் உச்ச வேகத்தில் பெரும்பாலான நாள் ஓடவே இல்லை. காற்று இல்லாத நாள், புயலுக்குப் பயந்து பாய் சுருக்கிய நாள், பழுதுபார்த்த நாள். உச்ச வேகம் என்பது நம்ம பஸ்ஸில் ஸ்பீடாமீட்டர் காட்டுகிற கடைசி எண் மாதிரி. அது இருப்பது உண்மைதான். ஆம்பூரில் இருந்து சென்னைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் கணக்கில் வராதது. 2022 நவம்பர் 18, தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே பின்லாந்தின் டாப்பியோ லெஹ்டினெனுடைய படகு ‘அஸ்டெரியா’ சில நிமிடங்களில் மூழ்கியது. அதுவும் விதிக்கு உட்பட்ட பழைய ஃபைபர் படகுதான். தடித்த உடம்பு என்பது எல்லாவற்றுக்கும் காப்பு இல்லை என்பதை இந்த இடத்தில் மறக்காமல் எழுதி வைக்க வேண்டும். கிர்ஸ்டன் பந்தயத்தை விட்டு, இரவு முழுக்கக் கையால் சுக்கான் பிடித்து ஓட்டி, மறுநாள் உயிர்காப்பு மிதவையில் இருந்த டாப்பியோவைத் தன் படகில் ஏற்றினார். பிறகு ‘தரியா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பலில் அவரைச் சேர்த்துவிட்டுத் தன் வழியில் திரும்பினார். அதற்காக நடுவர்கள் அவருக்கு 35 மணி நேரம் சலுகை கொடுத்தார்கள்.

மூன்றாவது காரணம் அபிலாஷின் கைகள். இந்தப் பந்தயத்தில் தூங்கும்போது சுக்கான் பிடிப்பது விண்ட்வேன் என்ற கருவி. காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து அதுவே படகைத் திருப்பிக்கொள்ளும், மின்சாரம் வேண்டாம். அது போனால் பந்தயம் போச்சு. முன்னணியில் இருந்த பிரிட்டனின் சைமன் கர்வனுக்கு அதுதான் நடந்தது. விண்ட்வேன் உடைந்து, சிலியில் ஒதுங்கி, பிரதானப் போட்டியை இழந்தார். பயானத்திலும் அது திரும்பத் திரும்ப உடைந்தது. அபிலாஷ் படகுக்குள் இருந்த பலகையை வெட்டி, கையில் இருந்ததை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து மாட்டினார். நாலு வருஷத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் கிடந்த மனிதர், ஆடுகிற படகின் பின்முனையில் தொங்கிக்கொண்டு இதைச் செய்தார். நீர்க்கோட்டில் நாலரை அடி குறைந்த படகை அவர் அவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது இப்படித்தான்.

எங்க ஊர் ஆர்.ஓ.வும் படகின் கொப்புளமும்

சரி, பந்தயம் முடிந்தது. யாராவது நிஜமாகவே பழைய ஃபைபர் படகு வாங்கப்போனால் எதைப் பார்ப்பார்கள்? முதலில் அடியில் கொப்புளம் இருக்கிறதா என்று. இந்த விஷயத்தை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரங்களுக்கு ரொம்ப விளக்க வேண்டியதில்லை.

1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, டேனரித் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட முடியாது என்று ஆனது. இன்றைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. ஓடுகிறது. உப்புத் தண்ணீரைப் பம்ப் வைத்து அழுத்தி, சவ்வின் வழியே நல்ல தண்ணீரைப் பிழிந்து எடுக்கிறோம். இயற்கையில் தண்ணீர் போக நினைப்பது இதற்கு நேர் எதிர்த் திசை, அடர்த்தி குறைந்த பக்கத்தில் இருந்து கூடிய பக்கம். கரன்ட் செலவு செய்து அதை நாம் திருப்பி ஓட்டுகிறோம்.

படகின் அடியில் அந்த இயற்கையான திசை தானாகவே நடக்கிறது. மேற்பூச்சு ஒரு சவ்வு மாதிரி. வருஷக்கணக்கில் தண்ணீர் மிக மெதுவாக அதன் வழியே உள்ளே கசியும். ரெசினில் சரியாக இறுகாமல் மிச்சம் இருக்கும் பொருட்கள் அதில் கரைந்து, சின்னச் சின்ன இடைவெளிகளில் அடர்த்தியான திரவம் சேரும். அந்த அடர்த்தி இன்னும் தண்ணீரை இழுக்கும். உள்ளே அழுத்தம் ஏறிக் கொப்புளம் கிளம்பும். குத்தினால் வினிகர் வாடை அடிக்கும். மருந்து, எதிர் ஷெட் அண்ணன் செய்கிற அதே வேலைதான்: தேய்த்து எடு, மாதக்கணக்கில் காயவிடு, எபாக்ஸி பூசு. உடம்பு தடிமனாக இருந்தால் தேய்த்து எடுத்த பிறகும் போதுமான உடம்பு மிச்சம் இருக்கும். தடித்த பழைய ஃபைபரின் உண்மையான லாபம் எனக்குத் தெரிந்து இதுதான். அது உடையாது என்பதில்லை. உடைந்தால் ஒட்ட இடம் கொடுக்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் இரண்டையும் மறுபடி பார்க்கலாம். நீண்ட தூரம், நிறையச் சாமான், மரவேலை தெரிந்த கை இருந்தால் கேப் ஜார்ஜ். ஆனால் அந்த மரத்தளத்தை வருஷாவருஷம் கவனிக்க வேண்டும். ஒரு தையல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் அழுகல்தான். பாய்களும் பெரிது, தனியாளுக்கு உழைப்பு கூடும். ரஸ்லர் சின்னப் பாய், சொன்ன பேச்சைக் கேட்கும், பராமரிப்பு குறைவு. ஆனால் நீளமான கடலில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். அவசரம் இல்லாதவருக்கு அது ஒரு குறையே இல்லை. எனக்கு வாங்க வசதி இருந்தால் ரஸ்லர் வாங்கிக்கொண்டு, மின்னேஹாஹாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பேன்.

நம்ம பக்கம்

இந்தியாவுக்கும் பழைய ஃபைபர் படகுக்கும் உறவு அபிலாஷோடு ஆரம்பித்ததல்ல. ராணுவப் பொறியாளர் படையின் ‘திரிஷ்னா’ 37 அடி ஃபைபர் படகு. வெளிநாட்டில் கட்டிய அந்தப் படகில் ஒரு குழு 1985 செப்டம்பரில் பம்பாயில் இருந்து கிளம்பி, உலகைச் சுற்றி, 1987 ஜனவரி 10 அன்று திரும்பியது. அதற்காக அஞ்சல் துறை தபால் தலையும் வெளியிட்டது. அப்போது அப்படி ஒரு படகை இங்கே கட்ட முடியும் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

2009இல் அது மாறியது. கோவாவில் ரத்னாகர் தண்டேகரின் சின்னக் கட்டுமானத் தளத்தில் ‘மாதேயி’ தயாரானது. டச்சு வடிவம், 56 அடி, மர உடம்பின்மேல் கண்ணாடி இழை. அதில் திலிப் தோண்டே 2009 ஆகஸ்டில் தனியாகக் கிளம்பி, நான்கு இடத்தில் நின்று, 2010 மே மாதம் திரும்பினார். அபிலாஷ் 2012–13இல் எங்கும் நிற்காமல் சுற்றினார். அதே வடிவத்தில் வந்த தங்கைப் படகு ‘தாரிணி’. அதில் 2017–18இல் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் சுற்றி வந்தார்கள்.

2024 அக்டோபர் 2 அன்று அதே தாரிணி மறுபடி கோவாவில் இருந்து கிளம்பியது. இந்த முறை இரண்டே பேர். கோழிக்கோட்டுக்காரர் தில்னா, புதுச்சேரிக்காரர் ரூபா அழகிரிசாமி, இருவரும் லெப்டினன்ட் கமாண்டர்கள். எட்டு மாதம் கழித்து, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். கிளம்பும்போது தாரிணிக்கும் ஏழு வயது தாண்டிவிட்டது, அதுவும் பழைய படகு வரிசையில் சேர ஆரம்பித்துவிட்டது. அந்த இருவருக்கும் பயிற்சி கொடுத்தவர் அபிலாஷ் டோமி. பாய் கட்டுவதையும் நட்சத்திரம் பார்ப்பதையும் மட்டும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். உடைந்ததை நடுக்கடலில் எப்படி ஒட்டுவது என்பதை அவரைவிட நன்றாகச் சொல்ல இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

எதிர் ஷெட்டில் அந்த டேங்க் காய்ந்து, லாரியில் ஏறிப் போய்விட்டது. அண்ணனிடம் மின்னேஹாஹாவின் படத்தைப் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“மேல மரம் போட்டிருக்கானே, அது எதுக்குப்பா? ஃபுல்லா ஃபைபரே அடிச்சிருக்கலாம்ல?”

பந்தயத்தில் ஜெயித்தது அந்தப் படகுதான் என்று சொன்னேன். நம்பவில்லை.